காட்டின் ஒலி: தரவாகவும் கலையாகவும்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலைத்தொடரில், லிங்கன் மெடோ என்றொரு புல்வெளி இருக்கிறது. சுற்றிலும் காடு, நடுவே ஓடை. 1988இல் அங்கே ஒரு நிறுவனம் மரம் வெட்டத் தயாராகிக்கொண்டிருந்தது. காட்டை மொட்டையடிக்கப் போவதில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மரங்களை எடுப்போம், அதனால் சூழலுக்கு ஒரு பாதிப்பும் வராது என்று அவர்கள் ஊர்க்காரர்களிடம் சொல்லியிருந்தார்கள். பெர்னி க்ராஸ் என்ற ஒலிப்பதிவாளர், வெட்டு தொடங்கும் முன்பே அங்கே போய் விடியற்காலைப் பறவைக் குரல்களைப் பதிவுசெய்தார். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே நேரம், ஏறக்குறைய அதே வானிலையில் மறுபடியும் போனார்.

பார்வைக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. வெட்டுக்கு முன் எடுத்த புகைப்படத்தையும் பின் எடுத்ததையும் அருகருகே வைத்தாலும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒலிப்பதிவோ வேறு கதை சொன்னது. முதல் ஆண்டு, பறவைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குரல் கொடுத்து அந்த விடியலை நிறைத்திருந்தன. இரண்டாம் ஆண்டு, ஓடையின் சலசலப்பும் ஒரு மரங்கொத்தி தட்டுவதும்தான் பெரும்பாலும் மிஞ்சியிருந்தன. அதன்பின் 25 ஆண்டுகளில் 15 முறை அங்கே திரும்பிப் போயும் பழைய அடர்த்தி வரவில்லை என்று க்ராஸ் 2013இல் சொன்னார்.

இந்தக் கதையை மட்டும் வைத்துப் பெரிய முடிவுக்கு வர ஒரு சூழலியலாளர் தயங்குவார். பறவைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறும், இறங்கும். மரம் வெட்டாத காடுகளிலும் அதே நாட்களில் பதிவுசெய்து ஒப்பிட வேண்டும், ஒரு விடியல் போதாது, பல விடியல்கள் வேண்டும் என்பார். நியாயமான கேள்விகள்தான். அதே சமயம், அந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்ட ஒருவருக்கு, 'மரம் வெட்டுதலின் தாக்கம்' என்ற தலைப்பில் வந்த எந்த அட்டவணையும் தராத ஒன்று கிடைத்துவிடுகிறது. எதை இழந்தோம் என்பது காதுக்கே தெரிகிறது.

காட்டில் எடுத்த ஓர் ஒலிப்பதிவு ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும். அளந்து எண்ணக்கூடிய தரவு அது. கேட்டு அனுபவிக்கக்கூடிய பொருளும் அதுவே. சூழலியல் ஆய்வு, உயிரின ஒலியியல், கலை மூன்றையும் சேர்த்து அறிவியலை மக்களிடம் கொண்டுபோகும் முயற்சிகள் எல்லாம் இந்த இரட்டைத் தன்மையின்மேல்தான் நிற்கின்றன.

மூன்று வகை ஒலிகள்

எந்த இடத்திலும் சும்மா நின்று காது கொடுத்தால் கேட்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். காற்று, மழை, ஓடை, அலை, இடி ஆகியவை உயிரில்லாத இயற்கையின் ஒலிகள். பறவை, தவளை, பூச்சி, விலங்கு, மீன் எழுப்புபவை உயிர்களின் ஒலிகள். வண்டி, விமானம், ஜெனரேட்டர், பேச்சு எல்லாம் மனித ஒலிகள். க்ராஸும் சூழலியலாளர் ஸ்டூவர்ட் கேஜும் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பிரிவு இது. மூன்றும் சேர்ந்ததை ஒலிச்சூழல் என்கிறார்கள்.

ஒரு இடத்தின் ஒலிகளை முழுமையாகச் சேர்த்துக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் ஆய்வகத்தில் பிறந்ததல்ல. 1960களின் இறுதியில், கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஆர். மரே ஷேஃபர் என்ற இசையமைப்பாளர் ஒரு குழுவைச் சேர்த்து, நகரங்களும் கிராமங்களும் எப்படி ஒலிக்கின்றன என்று பதிவுசெய்யத் தொடங்கினார். க்ராஸும் காட்டுக்குப் போவதற்கு முன் மின்னணு இசைக் கலைஞராக இருந்தவர்தான். சூழலியலாளர்கள் இதை ஒரு தனி ஆய்வுத் துறையாக முறைப்படுத்தி விரிவான கட்டுரை எழுதியது 2011இல்தான். ஆக, இந்தத் துறையில் கலை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது அல்ல. முதலில் வந்ததே அதுதான்.

சூழலியலாளருக்கு ஒலி ஏன் இவ்வளவு பயன்படுகிறது? அடர்ந்த காட்டில் பத்தடிக்கு அப்பால் கண் தெரியாது, இரவில் அதுவும் இல்லை. குரலோ இலைகளையும் இருட்டையும் தாண்டி வரும். மனிதர் போய் நின்றால் அடங்கிவிடும் பிராணிகள்கூட ஒரு சின்னப் பெட்டியைப் பொருட்படுத்துவதில்லை. அந்தப் பெட்டிக்குத் தூக்கமும் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவு அப்படியே இருக்கும். இன்று தவளைக்காக எடுத்த பதிவை இருபது ஆண்டு கழித்து வேறொருவர் வௌவாலுக்காகவோ மழைக்காகவோ மறுபடி கேட்கலாம்.

க்ராஸ் முன்வைத்த ஒரு கருதுகோளையும் இங்கே சொல்ல வேண்டும். பழமையான, சிதையாத காட்டில் ஒவ்வொரு உயிரினமும், வானொலி நிலையங்கள் ஆளுக்கொரு அலைவரிசையில் ஒலிபரப்புவது போல, தனக்கென்று ஒரு சுருதியையோ நேரத்தையோ பிடித்துக்கொள்கிறது என்றார் அவர். பூச்சி மேலே, தவளை கீழே, பறவை இடையில். கேட்க அழகான யோசனை. சில இடங்களில் பொருந்தவும் செய்கிறது. எல்லாக் காட்டுக்கும் இது விதி என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உடல் அளவு, பரிணாம உறவு, எதிரிக்குத் தெரியாமல் இருக்க வேண்டிய தேவை என்று குரலைத் தீர்மானிக்கும் காரணங்கள் பல.

மனித ஒலி இந்த ஏற்பாட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. நெதர்லாந்தின் லைடன் நகரில், இரைச்சல் அதிகமுள்ள இடங்களில் வாழும் 'கிரேட் டிட்' என்ற சிறு பறவைகள், பாட்டின் தாழ்ந்த பகுதியைச் சற்று மேலே ஏற்றிப் பாடுகின்றன என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. போக்குவரத்து இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில்தான் இருக்கிறது. அதற்கு மேலே ஏறினால் பாட்டு கேட்கும். 2020 ஊரடங்கில் இதன் மறுபக்கம் தெரிந்தது. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் வண்டிகள் அடங்கியபோது அங்குள்ள வெள்ளைக்கொண்டைச் சிட்டுகள் சத்தத்தைக் குறைத்துப் பாடின. குறைத்துப் பாடியும் முன்பைவிடத் தூரம் எட்டியது.

பெட்டியும் படமும்

சரி, இதை எப்படிச் செய்கிறார்கள்? ஆடியோமாத் என்ற பதிவுக் கருவியை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மின்பலகை, ஒரு மைக், ஒரு மெமரி கார்டு, மூன்று பேட்டரி. எப்போது விழிக்க வேண்டும், எவ்வளவு நேரம் கேட்க வேண்டும் என்று கணினியில் அட்டவணை போட்டு, நீர் புகாத உறையில் வைத்து மரத்தில் கட்டிவிட்டு வந்துவிடலாம். இதன் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட மலிவான கருவிகள் வந்தபின்தான், ஓர் ஆய்வாளர் ஒரே நேரத்தில் பல இடங்களில் கேட்பது நடைமுறையில் முடிந்தது.

கருவி விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது முக்கியம். எந்த அதிர்வெண் (ஒலி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது, அதன் அலகு ஹெர்ட்ஸ்) வரை பிடிக்க வேண்டுமோ, அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்தாக வேண்டும். மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பறவைக் குரல்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான், எனவே அவற்றுக்கு விநாடிக்கு 48,000 அளவீடு தாராளம். வௌவால்களில் பல 20,000க்கு மேலே, சில 1,00,000 ஹெர்ட்ஸையும் தாண்டிக் குரல் கொடுக்கும். அவற்றுக்கு அதைவிடப் பல மடங்கு வேகம் வேண்டும். விநாடிக்கு 48,000 அளவீடு என்ற கணக்கில் நாள் முழுக்க நிறுத்தாமல் பதிவுசெய்தால், சுருக்காத கோப்பு ஒரு கருவிக்கு மட்டும் 8 ஜிபியைத் தாண்டும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்று விட்டுவிட்டுப் பதிவது வழக்கம்.

இவ்வளவையும் உட்கார்ந்து கேட்க யாருக்கும் ஆயுள் போதாது. அதனால் ஒலியைப் படமாக்குகிறார்கள். ஸ்பெக்ட்ரோகிராம் என்ற அந்தப் படத்தில் இடமிருந்து வலமாக நேரம் ஓடும். கீழே தாழ்ந்த சுருதி, மேலே உயர்ந்த சுருதி. ஒலி பலமாக இருக்கும் இடம் பிரகாசமாகத் தெரியும். ஒரு விடியற்காலைப் படத்தைக் கற்பனை செய்துபாருங்கள். அடியில் மங்கலான ஒரு பட்டை, அது காற்றும் தூரத்துச் சாலையும். அதற்குச் சற்று மேலே புறாவின் முனகல், குட்டையாக, தடித்த கோடுகளாக, சீரான இடைவெளியில். குயில் கூவினால் கோடு ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு படி ஏறிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரியும். சிறு பறவைகளின் கீச்சு செங்குத்தாகச் சீவியெடுத்த கீறல்கள் மாதிரி. உச்சியில் பூச்சிகளின் ரீங்காரம் முறியாத நாடாவாகப் படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. மழை வந்தால் படம் முழுக்கப் புள்ளிகள். கொஞ்ச நாள் பழகினால், ஒலியைப் போடாமலே படத்தைப் பார்த்து 'இது இன்ன பறவை' என்று சொல்ல வந்துவிடும்.

ஒரு ஆய்வுக் கருவியாக இருந்தும், இந்தப் படம் பார்க்க அழகாக இருக்கிறது. ஆய்வகமும் கலைக்கூடமும் எளிதாகக் கைகோத்த இடங்களில் இது ஒன்று. 2016இல் பாரிஸின் கார்த்தியே அறக்கட்டளை அரங்கில், க்ராஸின் பதிவுகளை வைத்து யுனைடெட் விஷுவல் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற லண்டன் குழு ஒரு கூடம் அமைத்தது. இருட்டில் நாற்புறமிருந்தும் காட்டொலி வரும். சுவரில் அதே ஒலியின் ஸ்பெக்ட்ரோகிராம் நகர்ந்துகொண்டிருக்கும். எந்தக் கோடு எந்தக் குரல் என்று பார்வையாளரே காதையும் கண்ணையும் பொருத்திப் பார்க்கலாம். யாரும் பாடம் நடத்தாமல், ஒரு அறிவியல் படத்தை வாசிக்க அங்கே கற்றுக்கொள்ள முடிந்தது.

எண்ணாக மாற்றும்போது தவறுவது

பதிவிலிருந்து விடை எடுக்க இரண்டு வழிகள் அதிகம் பயன்படுகின்றன. ஒன்று, எந்த உயிரினம் என்று கணினியையே அடையாளம் காணச் சொல்வது. கார்னெல் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உருவாக்கிய பேர்ட்நெட் அப்படிப்பட்டது. கார்னெலின் மெர்லின் செயலியில் குரலை வைத்துப் பறவையைச் சொல்லும் வசதி 2021இல் வந்தது. இவை தரும் பெயர் ஓர் ஊகம்தான், கூடவே எவ்வளவு உறுதி என்ற எண்ணும் வரும். இன்னொரு பறவையைப் போலப் பாடிக் காட்டும் பறவை வந்தால் செயலி ஏமாறும். அது நன்றாகக் கற்காத பகுதிகளில் இன்னும் அதிகமாக ஏமாறும்.

இரண்டாவது வழி, உயிரினத்தை அடையாளம் காணாமல், மொத்த ஒலிச்சூழலையும் ஒரு எண்ணாகச் சுருக்குவது. இந்தக் குறியீட்டெண்கள் வசதியானவை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் ஆபத்து. ஒரு எண், 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை இருப்பதை இயந்திரம் என்றும் 2,000 முதல் 8,000 வரை இருப்பதை உயிர் என்றும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிடுகிறது. ஆந்தைகளிலும் தவளைகளிலும் பல 2,000க்குக் கீழேதான் கத்துகின்றன. கணக்கில் அவை இயந்திரப் பக்கம் சேர்ந்துவிடும். இன்னொரு எண், ஒலி கணத்துக்குக் கணம் எவ்வளவு மாறுகிறது என்று அளக்கிறது. விடாமல் ஒரே மாதிரி ஒலிக்கும் சில்வண்டுக் கூட்டம் அதில் ஒன்றுமில்லாதது போலாகிவிடும், மழைத்துளி பெரிய விஷயமாகத் தெரியும். எண்ணைப் பார்த்தபின் பதிவையும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கும் ஆய்வாளரைத்தான் நான் நம்புவேன்.

வரைபடம் எட்டாத இடம்

இனி கலைக்கு வருவோம். இங்கே எல்லோரும் சொல்லும் உதாரணம் திமிங்கலங்கள்தான். நானும் அதையே சொல்கிறேன், ஏனென்றால் அதில் எல்லாமே இருக்கிறது.

பெர்முடா தீவருகே கடலடி மைக்குகளை வைத்து வேலை பார்த்த ஃப்ராங்க் வாட்லிங்டன் என்ற அமெரிக்கக் கடற்படைப் பொறியாளரிடம், ஹம்ப்பேக் எனப்படும் கூனல்முதுகுத் திமிங்கலங்களின் குரல்கள் சேர்ந்திருந்தன. அவற்றை அவர் 1960களில் ராஜர் பெய்ன், கேட்டி பெய்ன் தம்பதிக்குக் கொடுத்தார். கேட்கும்போது அது நீண்ட, ஒழுங்கற்ற முனகல் போலத்தான் இருந்தது. ஸ்பெக்ட்ரோகிராமாக அச்சிட்டு நீளமாக விரித்துப் பார்த்தபோதுதான், அதே வரிசை பல நிமிடங்களுக்குப் பிறகு அப்படியே திரும்பி வருவது தெரிந்தது. ஏறத்தாழ 7 முதல் 30 நிமிடம் வரை நீளும் அமைப்பு, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ராஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இதைப் பாட்டு என்றே அழைத்தது.

அந்தக் கட்டுரைக்கு முன்பே, 1970இல், பதிவுகள் இசைத்தட்டாக வந்துவிட்டன. அறிவியல் கட்டுரை படிக்காதவர்கள் வீட்டில் உட்கார்ந்து திமிங்கலத்தைக் கேட்டார்கள். அதே ஆண்டு ஆலன் ஹோவனஸ் என்ற இசையமைப்பாளர் அந்தக் குரல்களைச் சேர்த்து ஒரு இசைக்குழுப் படைப்பு எழுதினார். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத்தட்டில் திமிங்கலக் குரலும் போனது. 1979இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ், வளையக்கூடிய மெல்லிய இசைத்தட்டு ஒன்றை ஒவ்வொரு பிரதியோடும் இணைத்து 1 கோடிக்கும் மேற்பட்ட படிகள் அனுப்பியது. 1982இல் சர்வதேசத் திமிங்கல ஆணையம் வணிக வேட்டைக்கு இடைநிறுத்தம் விதித்து முடிவெடுத்தது.

பாட்டைக் கேட்டார்கள், வேட்டை நின்றது என்று நேர்க்கோடு போடக் கூடாது. எண்ணிக்கை சரிந்ததைக் காட்டிய கணக்குகள், கடலில் வேட்டைக் கப்பல்களை மறித்தவர்கள், திமிங்கல எண்ணெய்க்கு வந்த மாற்றுகள், அரசுகளுக்கிடையே நடந்த பேரங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. இசைத்தட்டு செய்தது வேறு வேலை. எண்ணெய்க்கும் இறைச்சிக்குமான சரக்கு என்று பலர் எண்ணியிருந்த ஒரு பிராணி, பாடும் உயிராக மக்கள் மனதில் பதிந்தது. அந்த மனமாற்றம் இல்லாமல் மற்ற வாதங்களுக்குக் காது கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அண்மைய உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அந்நாட்டுப் பறவைகளில் ஆறில் ஒன்று அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சொன்ன ஓர் ஆய்வறிக்கை 2021 இறுதியில் வந்தது. அறிக்கையோடு கூடவே, ஆபத்தில் உள்ள 53 பறவைகளின் குரல்களை மட்டுமே கொண்ட ஒரு ஆல்பமும் வெளியானது. டேவிட் ஸ்டூவர்ட் பல்லாண்டுகளாகப் பதிவுசெய்த குரல்கள் அவை. பவர்பேர்ட் கலெக்டிவ் என்ற இரு இசைக்கலைஞர்களின் குழு, சார்லஸ் டார்வின் பல்கலைக்கழகத்தோடும் பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா அமைப்போடும் சேர்ந்து தயாரித்தது. முதல் துண்டில் மட்டும் குரல்களைக் கோத்து ஒரு தொகுப்பு, மற்றவை ஒவ்வொன்றும் ஒரே பறவையின் தனிக்குரல். பாட்டே இல்லாத இந்த ஆல்பம் அந்நாட்டு இசை விற்பனைப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. இதில் எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். குரலுக்கு மேல் எதையும் பூசவில்லை. அறிக்கையில் ஒரு வரியாக இருந்த பறவைக்கு ஒரு நிமிடம் கொடுத்து, அதைக் கேட்க மட்டும் வைத்தார்கள்.

இசைஞரின் காது தரும் அறிவியல்

ஆய்வு முடிந்தபின் அதைப் பளபளப்பாக்கத்தான் கலைஞர் என்று பலர் நினைக்கிறார்கள். கேட்டி பெய்னின் வேலையைப் பார்த்தால் இந்த எண்ணம் மாறிவிடும். அவர் கல்லூரியில் இசை பயின்றவர். திமிங்கலப் பாட்டு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, ஒரு கூட்டத்திலுள்ள ஆண்கள் எல்லாம் அந்த மாற்றத்தைச் சேர்ந்தே ஏற்கின்றன என்பதைப் பல ஆண்டுப் பதிவுகளை ஒப்பிட்டுக் கண்டுபிடித்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1984இல் அவர் போர்ட்லாந்து விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளின் அருகே சில நாட்கள் இருந்தார். காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் காற்றில் ஒரு துடிப்பு இருப்பதாக அவ்வப்போது உணர்ந்தார். திரும்பி வரும்போது அவருக்கு நினைவு வந்தது, இளவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பெரிய ஆர்கன் குழாய்களின் அருகே நின்றபோது, மிகத் தாழ்ந்த சுரங்களில் உணர்ந்த அதே துடிப்பு. யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த சுருதியில் பேசிக்கொள்கின்றனவோ? பதிவுக் கருவிகளோடு மறுபடி போய், பதிவை வேகமாக ஓட்டிக் கேட்டபோது குரல்கள் வெளிப்பட்டன. 20 ஹெர்ட்ஸ் அளவிலும் அதற்குக் கீழும் இறங்கும் குற்றொலி. அந்தத் தாழ்ந்த ஒலி காட்டில் வெகுதூரம் போகும். அவர் தொடங்கிய யானைக் கேட்புத் திட்டம் இன்று காங்கோ படுகைக் காடுகளில், கண்ணுக்குச் சிக்காத வனயானைகளைக் குரலால் கணக்கிடுகிறது. அதே பதிவுகளில் வேட்டைத் துப்பாக்கிச் சத்தத்தையும் தேடுகிறது.

அந்தத் துடிப்பை 'ஏதோ ஒலி' என்று அடையாளம் கண்டது இசையில் பழகிய உடம்பு. அதனால்தான் ஒரு ஆய்வுத் திட்டத்தில் கலைஞரைச் சேர்ப்பதாக இருந்தால், கடைசி மாதத்தில் சுவரொட்டி வரையக் கூப்பிடாமல், கேள்வியை வகுக்கும்போதே கூப்பிடுங்கள் என்று சொல்வேன். எங்கே மைக் வைப்பது, எந்த நேரத்தில் கேட்பது, எது விசித்திரமாகப் படுகிறது என்பதிலெல்லாம் அவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

எதை மாற்றினோம் என்று சொல்வது

காட்டொலியைக் கலையாக்கும்போது அதை மாற்றியே ஆக வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. 45,000 ஹெர்ட்ஸில் கத்தும் வௌவாலை யாரும் கேட்க முடியாது. பதிவை 10 மடங்கு மெதுவாக்கினால் அது 4,500 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, பறவைக் கீச்சு போலக் கேட்கும். யானைக்கு நேர்மாறாக வேகப்படுத்த வேண்டும். ஒலியே இல்லாத தரவையும் ஒலியாக்கலாம். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் அருங்காட்சியகத்தில் 2006இல் ஜான் லூதர் ஆடம்ஸ் என்ற இசையமைப்பாளர் அமைத்த அறையில், சூரியன், சந்திரன், துருவ ஒளி, நில அதிர்வு ஆகியவற்றின் நேரடித் தரவுகள் ஒலியாகவும் ஒளியாகவும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அங்கே கேட்பது பூமியின் குரல் அல்ல. பூமியின் எண்களுக்கு ஒரு மனிதர் தேர்ந்த ஒலி. படைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த வித்தியாசம் கேட்பவருக்குத் தெரிய வேண்டும்.

இதைவிட நுணுக்கமான மாற்றங்கள் இருக்கின்றன. மூன்று காடுகளின் பதிவுகளை ஒட்டி ஒரே விடியல் போலக் காட்டுவது. சாலை இரைச்சலை வடிகட்டிவிட்டு, தூய இயற்கை என்று தருவது. 'அழிந்த காடு' என்று காட்ட ஒலியளவைக் கொஞ்சம் கூடுதலாகக் குறைப்பது. கடைசியாகச் சொன்னதை யாராவது கண்டுபிடித்தால், உண்மையான இழப்பைக் காட்டும் பதிவையும் மக்கள் நம்ப மாட்டார்கள். அமைதி என்றால் அழிவு, கூச்சல் என்றால் வளம் என்ற சமன்பாடும் தப்பு. பாலைவனமும் பனிநிலமும் இயல்பிலேயே அமைதியானவை. படையெடுத்து வந்த ஒரே தவளை இனம் ஒரு குளத்தைக் காது கிழிய நிரப்பிவிடும்.

ஒலியைத் திருப்பி ஒலித்தால்

ஒலியை வைத்து ஒரு இடத்தை மீட்கவும் முடியுமா என்று பார்த்த சோதனை ஒன்று உண்டு. நல்ல நிலையிலுள்ள பவளப்பாறை சத்தமான இடம். ஒரு கொடுக்கைச் சொடுக்கி வெடிச்சத்தம் எழுப்பும் சிறு இறால்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருப்பதால், எண்ணெயில் ஏதோ பொரிவது மாதிரி விடாமல் கேட்கும். மீன்களின் உறுமலும் முனகலும் நடுநடுவே வரும். மீன்குஞ்சுகள் கடலில் வளர்ந்து வீடு தேடும்போது இந்தச் சத்தத்தையும் வைத்துத்தான் பாறையைக் கண்டுபிடிக்கின்றன. பவளம் செத்தால் சத்தம் குறையும், குஞ்சு வருவதும் குறையும்.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், செத்த பவளச் சிதிலங்களில் ஒலிபெருக்கி வைத்து, நலமான பாறையின் பதிவை 40 நாட்கள் ஒலித்தார்கள். ஒலிக்காத இடங்களோடு ஒப்பிட்டால் அங்கே இரண்டு மடங்கு மீன்கள் வந்தன. இன எண்ணிக்கை 50 சதவீதம் கூடியது. 2019இல் வெளியான இந்த ஆய்வு பவளத்தை உயிர்ப்பிக்கவில்லை, கடல் சூடாவதையும் நிறுத்தவில்லை. ஒலி என்பது சூழலின் துணைவிளைவு மட்டுமல்ல, சூழலை நடத்தும் காரணங்களில் ஒன்று என்று காட்டியது. ஒலிப்பதிவும் ஒலிபெருக்கியும் வைத்து வேலை செய்யும் கலைஞர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். ஏனென்றால் இதற்கு ஆபத்தான மறுபக்கமும் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் பறவையின் குரலை அதன் எல்லைக்குள் ஒலித்தால், போட்டியாளன் வந்துவிட்டான் என்று அது கூட்டையும் குஞ்சையும் விட்டு விரட்ட வரும். படம் எடுக்கவோ நிகழ்ச்சிக்காகவோ இதைச் செய்யாதீர்கள். அரிய உயிரினத்தின் இடத்தைத் துல்லியமாக வெளியிடுவதும் அப்படித்தான், வேட்டைக்காரரும் அதைப் படிப்பார். மைக்கில் விழும் மனிதப் பேச்சை அனுமதியில்லாமல் வைத்துக்கொள்ளவும் கூடாது.

தொடங்குபவருக்கு

கைபேசி போதும். ஒரே இடம், ஒரே நேரம், ஐந்து நிமிடம், வாரத்துக்கு ஒரு முறையாவது. இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் அழகான குரல்கள் சேரும், ஆனால் எதையும் ஒப்பிட முடியாது. அழைப்பு வராமல் வைத்துவிட்டு, காற்றுக்கு முதுகு காட்டி, அசையாமல் நில்லுங்கள். உடை உரசும் சத்தம் பறவையைவிடப் பலமாக விழும். முடிக்கும்போது தேதி, நேரம், இடம், வானிலை ஆகியவற்றைப் பதிவிலேயே வாயால் சொல்லிவிடுங்கள். முடிந்தால் சுருக்காத கோப்பாகச் சேமியுங்கள்.

அப்புறம், செயலியைத் திறக்கும் முன் நீங்களே ஒரு முறை கேளுங்கள். ஒரு தாளின் நடுவே உங்களைக் குறித்துக்கொண்டு, எந்தத் திசையில் என்ன கேட்டது, அருகிலா தூரத்திலா என்று வரையுங்கள். பெயர் தெரியாவிட்டால் 'மூன்று முறை விசில், கடைசி நீளம்' என்று எழுதினால் போதும். பிறகு செயலியிடம் கேளுங்கள், அது சொன்ன பெயரைக் குரல் களஞ்சியத்தில் ஒப்பிடுங்கள். 2005இல் தொடங்கிய ஸெனோ-கான்டோ தளத்தில் உலகெங்கிலுமுள்ள ஆர்வலர்கள் பதிவேற்றிய குரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் பதிவையும் அங்கே சேர்க்கலாம். சேர்ப்பது வீண் வேலை அல்ல. ஹவாயின் காவாயி தீவில் வாழ்ந்த ஓஓ என்ற கறுப்புப் பறவையின் குரல் கடைசியாகக் கேட்டது 1987இல். 2023இல் அமெரிக்க அரசு அதை அழிந்துவிட்டதாக அறிவித்தது. அதன் பாட்டு நமக்குத் தெரிவது, யாரோ பதிவுசெய்து, விவரம் எழுதி வைத்ததால்தான்.

கலையாக்கும் கட்டம் வரும்போது பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கேள்வியை மட்டும் பிடியுங்கள். விடுமுறை நாளிலும் வேலை நாளிலும் இதே இடம் எப்படி ஒலிக்கிறது? மழைக்கு முன்னும் பின்னும் தவளைகள் என்ன செய்கின்றன? அதற்கு ஒரு நிமிட ஒலிக்கோவையோ, ஸ்பெக்ட்ரோகிராமைப் பார்த்து வரைந்த ஓவியமோ, இரண்டு பதிவுகளை அடுத்தடுத்து ஒலிக்கும் ஒரு பெட்டியோ போதும். அசல் கோப்பைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, படியெடுத்ததில் வேலை செய்யுங்கள். படைப்போடு கூடவே ஒரு சிறு குறிப்பு வையுங்கள். இந்த மாதிரி இருக்கலாம்: 'ஏரிக்கரை, ஏப்ரல், அதிகாலை 5.10 முதல் 6.10 வரை. ஒரே மைக். ஒரு மணி நேரப் பதிவிலிருந்து மூன்று பகுதிகள் வெட்டி, நடந்த வரிசையிலேயே சேர்க்கப்பட்டன. வௌவால் ஒலி 10 மடங்கு மெதுவாக்கப்பட்டது. சாலை இரைச்சல் நீக்கப்படவில்லை. செல்லோ இசை பின்னர் சேர்க்கப்பட்டது. இரண்டாம் நிமிடத்தில் வரும் குரல் எந்தப் பறவை என்று இன்னும் உறுதியாகவில்லை, தெரிந்தவர் சொல்லலாம்.'